கிரேக்கக் கடவுளரும் அரசரும் பெற்ற சிறப்புப்பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்க நாணயத்தையோ கல்வெட்டையோ படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் திணறுவது சிறப்புப்பெயர்களில்தான். சோத்தேர், எபிஃபானேஸ், யூவெர்கெத்தேஸ் என்று வரிசையாக வரும். பொருளைத் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றும், ஆனால் போதாது. இந்தப் பெயரைக் கொடுத்தது யார், எதற்காக, எந்த ஊரில், எப்போது என்ற நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நான்கையும் சுற்றியே அமைந்தவை.

ஜீயஸ் ஒருவர்தானே, அவருக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

ஆள் ஒருவர், பொறுப்புகள் பல. வீட்டு முற்றத்தைக் காப்பவர் ஜீயஸ் ஹெர்கெயோஸ். சரக்கறையைக் காப்பவர் ஜீயஸ் க்தேசியோஸ். விருந்தினருக்கும் அந்நியருக்கும் துணை நிற்பவர் ஜீயஸ் க்சேனியோஸ். சத்தியத்தை மீறுபவனைத் தண்டிப்பவர் ஜீயஸ் ஹோர்கியோஸ். ஒலிம்பியாவின் மன்றக் கட்டடத்தில் இரண்டு கையிலும் இடியை ஏந்திய ஹோர்கியோஸ் சிலை இருந்தது. போட்டிக்கு வந்த வீரர்கள் அதன் முன்னால், வெட்டிய காட்டுப்பன்றி இறைச்சியின் மேல் சத்தியம் செய்தார்கள். அதே ஒலிம்பியாவில் பலிக் காலத்து ஈத்தொல்லையை விரட்ட ஜீயஸ் அப்போமியோஸ், அதாவது ‘ஈ விரட்டும் ஜீயஸ்’, தனியாகப் பலி வாங்கினார்.

இவை பேச்சுக்குச் சொன்ன அலங்காரங்கள் இல்லை என்பதற்கு ஏதென்ஸின் நடைமுறையே சான்று. ஆர்க்கோன் என்ற ஆட்சியதிகாரி பதவிக்குத் தேர்வானவரைப் பதவியேற்கும் முன் விசாரிப்பார்கள். ‘உனக்கு அப்பல்லோ பத்ரோவோஸும் ஜீயஸ் ஹெர்கெயோஸும் உண்டா? அந்த வழிபாட்டிடங்கள் எங்கே இருக்கின்றன?’ என்பது கேள்விகளில் ஒன்று. முற்றத்துப் பலிபீடத்தைக் காட்ட முடிந்தவர்தான் வீடும் குலமும் உள்ள குடிமகன்.

க்தேசியோஸுக்குச் சிலைகூடத் தேவையில்லை, ஒரு சாடி போதும். மூடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள புதுச் சாடியை எடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிகளில் வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்ற வேண்டும். உள்ளே ‘அம்ப்ரோசியா’வை ஊற்ற வேண்டும். அதன் சேர்மானத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: சுத்தமான தண்ணீர், ஒலிவ எண்ணெய், பலவகைப் பழங்களும் தானியங்களும். சரக்கறையில் வைத்த அந்தச் சாடிதான் அங்கே தெய்வம்.

ஹோமரின் காவியங்களில் வரும் அடைமொழிகளும் இவைதானா?

இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது நல்லது. ‘மேகங்களைத் திரட்டும் ஜீயஸ்’, ‘ஒளிவிழி அதீனா’ போன்றவை பாட்டின் சந்தத்துக்குள் பொருந்தி வருபவை. அந்தப் பெயரில் பலிபீடமோ பூசாரியோ இருக்க வேண்டியதில்லை. வழிபாட்டுப் பெயருக்கு இடம் உண்டு, நாள் உண்டு, படையல் உண்டு. ஏதென்ஸ் கோட்டைமேட்டில் அதீனா பொலியாஸ் நகரத்தின் காவல் தெய்வம், அதீனா நிக்கே வெற்றியின் தெய்வம், அதீனா எர்கானே கைத்தொழிலின் தெய்வம். நுழைமண்டபத்துக்குப் பக்கத்தில் அதீனா ஹிகியெய்யா, அதாவது நலம் தரும் அதீனா, தனிப் பீடத்தில் நின்றாள். அந்தச் சிலைப்பீடம் இன்றும் அங்கே இருக்கிறது.

இரண்டும் சந்திக்கிற இடமும் உண்டு. இலியத்தின் தொடக்கத்தில் கிரீசேஸ் என்ற பூசாரி செய்யும் வேண்டுதலைப் பாருங்கள். முதலில் அப்பல்லோவை ‘வெள்ளி வில்லோனே’ என்கிறார். அடுத்து அவர் காக்கும் ஊர்களைச் சொல்கிறார்: கிரீசே, கில்லா, தெனெதோஸ். பிறகு ‘ஸ்மிந்தெயுஸ்’ என்று உரிய பெயரைச் சொல்லி அழைக்கிறார். எலிகளோடும் கொள்ளைநோயோடும் தொடர்புள்ள பெயர் அது. அதற்குப் பின்பு தான் செய்தவற்றை நினைவூட்டுகிறார்: கோயிலுக்குக் கூரை போட்டேன், காளைகளின், ஆடுகளின் தொடைகளை எரித்தேன். கோரிக்கை வருவது கடைசியில்தான். கேட்டது கிரேக்கப் படைக்குத் தண்டனை, வந்தது கொள்ளைநோய். பெயர், இடம், கணக்கு, கோரிக்கை என்ற இந்த வரிசை கிரேக்க வேண்டுதல்களில் திரும்பத் திரும்ப வரும்.

தெய்வம் சரிதான், பெயர் மாறிவிட்டால் என்ன ஆகும்?

வேலை நடக்காது என்றே நம்பினார்கள். இதற்கு மிகத் தெளிவான சாட்சி படைத்தலைவர் செனஃபோன் தன் பயணத்தைப் பற்றி எழுதியது. கி.மு. 399. பாரசீகத்திலிருந்து கூலிப்படையோடு திரும்பியவர், லாம்ப்சக்கோஸ் துறைமுகத்தில் கையில் காசில்லாமல் நிற்கிறார். யூக்ளெய்தேஸ் என்ற குறிசொல்லி, ‘எவ்வளவு தங்கம் கொண்டுவந்தாய்?’ என்கிறார். ஊருக்குப் போகும் செலவுக்கே குதிரையை விற்றாக வேண்டும் என்று சத்தியம் செய்தாலும் அவர் நம்பவில்லை. அப்பல்லோவுக்குக் கொடுத்த பலியின் குடலைப் பார்த்த பிறகுதான் நம்புகிறார். அதன்பின் காரணத்தைச் சொல்கிறார்: ‘உனக்குத் தடையாக நிற்பவர் ஜீயஸ் மெய்லிக்கியோஸ். ஊரில் நாங்கள் செய்தபடி அவருக்கு முழு எரிபலி கொடுத்தாயா?’ ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து கொடுக்கவில்லை என்கிறார் செனஃபோன்.

அத்தனை காலமும் அவர் ஜீயஸை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பயணம் முழுக்க ஜீயஸ் பாசிலியுஸுக்கு, அரசரான ஜீயஸுக்கு, பலி கொடுத்தவர் அவர். அந்தக் கணக்கு மெய்லிக்கியோஸிடம் செல்லவில்லை. மறுநாள் ஒஃப்ரினியோனில் பன்றிகளை முழுதாக எரித்தார். வழக்கமான பலியில் இறைச்சியை மனிதர்கள் உண்பார்கள், இதில் ஒரு துண்டும் மிஞ்சாது. அன்றைக்கே படைக்குப் பணம் கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். லாம்ப்சக்கோஸில் ஐம்பது தாரிக் பொற்காசுக்கு விற்றிருந்த குதிரையை மீட்டு வந்து அவரிடமே கொடுத்தார்கள், விலையைத் திரும்ப வாங்கவும் மறுத்துவிட்டார்கள்.

எந்தப் பெயரில் அழைப்பது என்று தெரியாதபோது என்ன செய்தார்கள்?

இரண்டு வழிகள். ஒன்று, ‘எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாயோ அந்தப் பெயரால்’ என்று வேண்டுதலில் சேர்த்துக்கொள்வது. இரண்டாவது, குறிகேட்பது. ஜீயஸிடம் குறிகேட்கும் இடமான தொதோனாவில் கிடைத்த ஈயத் தகடுகளில் இந்தக் கேள்வி நூற்றுக்கணக்கான வருடங்கள் திரும்பத் திரும்பக் கீறப்பட்டிருக்கிறது: எந்தத் தெய்வத்துக்குப் பலியிட்டு வேண்டினால் பிள்ளை பிறக்கும், நோய் தீரும், தொழில் நடக்கும்?

அஞ்ச வேண்டிய சக்திகளுக்கு இனிய பெயர் வைப்பதும் உண்டு. மெய்லிக்கியோஸ் என்றால் ‘சாந்தமானவர்’. பிரேயஸ் துறைமுகத்தில் கிடைத்த கற்பலகைகளில் அந்தச் சாந்தமானவர் பெரிய பாம்பாகச் சுருண்டிருக்கிறார். பழிவாங்கும் தேவதைகள் ‘யூமெனிதேஸ்’, நல்லெண்ணம் உடையவர்கள். பாதாள தெய்வத்தை ஹேதஸ் என்று சொல்லாமல் ‘புளூத்தோன்’, செல்வம் தருபவர் என்பார்கள். இப்படிப்பட்ட பெயரை அப்படியே நம்பி ‘கருணைக் கடவுள்’ என்று எழுதுவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அரசர் என்பதற்குக் கிரேக்கத்தில் ஒரே சொல்லா?

காலத்துக்கேற்ப மாறியது. மைசீனியக் காலக் களிமண் பலகைகளில் மேலே இருப்பவர் ‘வனக்ஸ்’. பைலோஸ் பலகை ஒன்று வனக்ஸின் நிலத்தை 30 அளவு கோதுமைக்கும், அடுத்த நிலையில் இருந்த ‘லாவகெத்தாஸ்’ நிலத்தை 10 அளவுக்கும் மதிப்பிடுகிறது. ‘குவாசிலெயுஸ்’ அப்போது உள்ளூர் மேலாளர் மட்டுமே, வெண்கலக் கொல்லர் குழுக்களைக்கூடக் கவனித்தவர். அரண்மனைகள் விழுந்தபின் வனக்ஸ் பாட்டிலும் கோயிலிலும் ஒதுங்கியது. கீழே இருந்த சொல் ‘பாசிலியுஸ்’ ஆகி அரசரைக் குறித்தது. ஏதென்ஸில் அரசாட்சி போன பிறகும் ‘ஆர்க்கோன் பாசிலியுஸ்’ என்ற அதிகாரி பழைய சடங்குகளையும் கொலை வழக்குகளையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அலெக்ஸாந்தருக்குப் பிறகு இந்தச் சொல்லுக்குப் புது எடை வந்தது. கி.மு. 306இல் சைப்ரஸின் சலாமிஸ் கடற்போரில் டெமெட்ரியஸ் வென்றதும், அவர் தந்தை ஆண்டிகோனஸ் தலையில் அரச அடையாளமான தியாதெம் பட்டியைக் கட்டிக்கொண்டார். மகனுக்கும் ஒன்று அனுப்பி அரசர் என்று விளித்தார். அலெக்ஸாந்தரின் மற்றத் தளபதிகளான தாலமி (எகிப்து), செலூக்கஸ் (சிரியா, பாபிலோன்), லிசிமாக்கஸ் (திரேஸ்) அடுத்தடுத்து அதையே செய்தார்கள். எந்த நாட்டின் அரசர் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. போரில் வென்றதே தகுதி. அதனால்தான் பின்வந்த சிறப்புப்பெயர்களில் வெற்றி இவ்வளவு அடிக்கடி வருகிறது.

உயிரோடிருக்கும் மனிதருக்குத் தெய்வ மரியாதை எப்போது தொடங்கியது?

படிப்படியாக. கி.மு. 422இல் ஸ்பார்ட்டா தளபதி பிராசிதாஸ் ஆம்ஃபிபோலிஸில் இறந்ததும், ஊரார் அவரை வீரத்தெய்வமாகவும் தங்கள் நகரை நிறுவியவராகவும் ஏற்று ஆண்டுதோறும் பலியும் போட்டியும் நடத்தினார்கள். அது இறந்தவருக்கு. உயிரோடு பலிபீடம் பெற்ற முதல் கிரேக்கர் என்று பழைய எழுத்தாளர்கள் சொல்வது லிசாண்டரை. ஏதென்ஸ் தோற்ற கி.மு. 404ஐ ஒட்டி, சாமோஸ் தீவில் நாடுகடத்தப்பட்டிருந்தவர்களை அவர் திரும்பக் கொண்டுவந்தார். அவர்கள் ஹேரா திருவிழாவின் பெயரையே ‘லிசாண்ட்ரெய்யா’ என்று மாற்றினார்கள்.

பெரிய மாற்றம் கி.மு. 307இல் ஏதென்ஸில் நடந்தது. டெமெட்ரியஸ் மாசிடோனியப் படையைத் துரத்தியதும், தந்தையும் மகனும் ‘சோத்தேரெஸ்’, காத்தவர்கள், ஆனார்கள். அவர்களுக்குப் பூசாரி நியமிக்கப்பட்டார். பத்தாக இருந்த குடிப்பிரிவுகள் ஆண்டிகோனிஸ், டெமெட்ரியாஸ் சேர்ந்து பன்னிரண்டாயின, அதனால் 500 பேர் மன்றம் 600 பேர் மன்றமானது. டெமெட்ரியஸ் தேரிலிருந்து முதலில் கால்வைத்த இடத்தில் ‘கதாய்பாத்தேஸ்’ பலிபீடம் எழுந்தது. இறங்கி வருபவர் என்று பொருள். மின்னல் விழுந்த இடத்தில் ஜீயஸுக்குச் சூட்டும் பெயர் அது. அதீனாவுக்கு நெய்யும் ஆடையிலும் இருவர் உருவங்களையும் சேர்த்தார்கள். ஊர்வலத்தில் புயல் காற்று அந்த ஆடையைக் கிழித்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

சிறப்புப்பெயரை அரசரே சூட்டிக்கொண்டாரா, மக்கள் கொடுத்தார்களா?

தொடக்கத்தில் பெரும்பாலும் நகரங்கள் கொடுத்தன. ரோட்ஸ் தீவு டெமெட்ரியஸின் முற்றுகையைத் தாங்கியது, தாலமியின் உதவியால். முற்றுகை முடிந்ததும் ரோட்ஸார் சீவாவில் இருந்த அம்மோன் கோயிலுக்கு ஆளனுப்பி, தாலமியைத் தெய்வமாகக் கௌரவிக்கலாமா என்று கேட்டார்கள். சம்மதம் கிடைத்தது. சதுர வளாகம் ஒன்றைக் கட்டினார்கள். ‘சோத்தேர்’ என்ற பெயரும் அவர்கள் கொடுத்ததே என்கிறார் பவுசானியாஸ். செலூக்கஸின் வழிவந்த இரண்டாம் ஆண்டியோக்கஸுக்கு ‘தெயோஸ்’, கடவுள், என்ற பெயரை முதலில் கொடுத்தது மிலெத்தோஸ் நகரம். திமார்க்கோஸ் என்ற கொடுங்கோலனை அவர் ஒழித்ததற்கு நன்றி அது.

நடைமுறை இப்படி: குடிமகன் ஒருவர் தீர்மானம் கொண்டுவருவார். மன்றமும் மக்கள் சபையும் நிறைவேற்றும். பலிபீடம், சிலை, பூசாரி, திருவிழா நாள், செலவுக் கணக்கு, கல்வெட்டு நிற்கும் இடம் எல்லாம் தீர்மானத்திலேயே வரும். தூதர்கள் அதை அரசரிடம் கொண்டுபோவார்கள். அரசர் கடிதம் எழுதுவார், வரிச்சலுகை தருவார் அல்லது உறுதி செய்வார். பெயர் என்பது இந்தக் கொடுக்கல் வாங்கலின் ரசீது.

தெயோஸ் நகரம் (இங்கே ஊரின் பெயர், கடவுள் அல்ல) மூன்றாம் ஆண்டியோக்கஸுக்குச் செய்ததை நெருங்கிப் பார்த்தால் புரியும். வரியிலிருந்து விடுவித்ததற்காக, அவர் சிலையையும் அரசி லாவொதிகேயின் சிலையையும் டையோனிசஸ் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மன்றக் கட்டடத்தில் இருந்த அரசர் சிலைக்குப் பருவத்தின் முதல் கனிகளைப் படைத்தார்கள். சந்தைவெளியில் அரசி பெயரில் ஒரு நீரூற்று அமைத்தார்கள். பலியிடுபவர்களும் மணப்பெண்ணின் நீராட்டுக்கு நீர் எடுப்பவர்களும் அங்கிருந்தே எடுக்க வேண்டும் என்பது தீர்மானம். கல்யாணத் தண்ணீர் வரை அரசியின் பெயர் போய்ச் சேர்ந்தது.

பின்னாளில் அரசவையே பெயரை அறிவித்தது, குறிப்பாக எகிப்தில். அரியணை ஏறும்போதே பெயர் தயாராக இருக்கும். அப்போது அது நன்றிக்கு முன்பே எழுதிய வாக்குறுதி.

அடிக்கடி வரும் பெயர்களின் பொருள் என்ன?

சோத்தேர்: காத்தவர். பெரும்பாலும் முற்றுகை, படையெடுப்பு போன்ற குறிப்பிட்ட ஆபத்திலிருந்து. முதலாம் ஆண்டியோக்கஸும் பெர்கமோனின் முதலாம் அட்டாலஸும் படையெடுத்து வந்த கெல்ட்டு மக்களான கலாத்தியரை வென்றதால் பெற்றார்கள்.
யூவெர்கெத்தேஸ்: நன்மை செய்தவர். அரசரல்லாத கொடையாளிகளுக்கும் ஊர்கள் கொடுத்தன. லூக்கா நற்செய்தியில் அதிகாரம் செலுத்துகிறவர்களை ‘உபகாரிகள்’ என்று தமிழ் வேதாகமம் சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது இதுதான்.
எபிஃபானேஸ்: கண்முன் தோன்றியவர். ‘புகழ்பெற்றவர்’ என்ற மொழிபெயர்ப்பு பாதிதான். ஆபத்தில் தெய்வம் காட்சி தருவதையே இந்தச் சொல் குறிக்கும்.
நிக்காத்தோர், நிக்கேஃபோரோஸ், கல்லினிக்கோஸ், அனிக்கேத்தோஸ்: நான்கும் வெற்றி சார்ந்தவை. முறையே வெற்றியாளர், வெற்றி கொணர்பவர், அழகிய வெற்றி உடையவர், வெல்லப்படாதவர்.
ஃபிலோபாத்தோர், ஃபிலோமேத்தோர், ஃபிலடெல்ஃபோஸ்: தந்தையை, தாயை, உடன்பிறப்பை நேசிப்பவர். இவை குணச்சான்று மட்டுமல்ல, வாரிசு உரிமைக் கோரிக்கையும்கூட. அரியணைப் போட்டி இருக்கும் இடத்தில் இவை பெருகும்.
டிகாயோஸ்: நீதிமான். மெகாஸ்: பெரியவர்.

மாசிடோனியாவை ஆண்ட ஆண்டிகோனிட் அரசர்கள் இதில் விலகி நின்றார்கள். அவர்கள் நாணயத்தில் ‘அரசர் ஃபிலிப்பின்’ என்ற அளவோடு சரி.

‘தொப்பையர்’, ‘கொக்கிமூக்கர்’ என்றெல்லாம் வருகிறதே, அவையும் பட்டங்களா?

அவை மக்கள் வைத்த கேலிப்பெயர்கள். நாணயத்திலோ அரசாணையிலோ வராது. எட்டாம் தாலமியின் அதிகாரப் பெயர் யூவெர்கெத்தேஸ். அலெக்ஸாந்திரியாவில் அவர் ஃபிஸ்கோன், தொப்பையர். கோபம் கூடியபோது ‘காக்கெர்கெத்தேஸ்’, தீமை செய்தவர். எட்டாம் ஆண்டியோக்கஸ் நாணயத்தில் எபிஃபானேஸ், ஊர்வாயில் கிரிப்போஸ், கொக்கிமூக்கர். நான்காம் ஆண்டியோக்கஸின் எபிஃபானேஸை ‘எபிமானேஸ்’, பித்தர், என்று திரித்ததைப் பொலிபியஸ் பதிவு செய்கிறார். மக்கபேயர் நூலில் அந்தியோக்கு எப்பிபான் என்று வருபவர் இவரே.

முதலாம், இரண்டாம் என்ற எண்கள் இக்கால வரலாற்றாசிரியர்கள் இட்டவை. அவற்றை நம்பி நூல்களைத் தேடினால் குழப்பம் வரும். ஏழாம் தாலமி என்ற எண்ணுக்கு உரியவர் ஆண்டாரா என்பதே வழக்கில் இருப்பதால், யூவெர்கெத்தேஸைச் சில பழைய நூல்கள் ஏழாமவர் என்கின்றன. எண்ணைவிடச் சிறப்புப்பெயரால் தேடுவது பத்திரம். அதிலும் ஒரு கண்ணி உண்டு: ‘ஃபிலடெல்ஃபோஸ்’ முதலில் அர்சினோயி அரசியின் பெயர். அவர் கணவரும் சகோதரருமான இரண்டாம் தாலமிக்கு அது ஒட்டியது பிற்காலத்தில்தான்.

நாணயத்தில் இருப்பதை எப்படிப் படிப்பது?

முதலில் ‘பாசிலியோஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘அரசருடைய’ என்று பொருள். நாணய வாசகம் உடைமை வேற்றுமையில் இருக்கும், ‘இன்னாருடைய நாணயம்’ என்பதன் சுருக்கம். அதனால் பெயர்களின் ஈறு மாறும்: ஆண்டியோக்கோஸ் ‘ஆண்டியோக்கூ’ ஆகும், சோத்தேர் ‘சோத்தேரோஸ்’ ஆகும், எபிஃபானேஸ் ‘எபிஃபானூஸ்’ ஆகும், யூவெர்கெத்தேஸ் ‘யூவெர்கெத்தூ’ ஆகும். இந்த நான்கு மாற்றமும் தெரிந்தால் பெரும்பாலான வாசகங்களைப் படித்துவிடலாம்.

செலூக்கிய வெள்ளிக்காசில் நடுவில் தெய்வம் நிற்கும் அல்லது அமர்ந்திருக்கும். வலப்பக்கம் மேலிருந்து கீழாக முதல் சொல், பிறகு இடப்பக்கம் மேலிருந்து கீழாக அரசர் பெயர். கூடுதல் சிறப்புப்பெயர்கள் அடுத்த வரிகளிலோ அடிப்பகுதியிலோ வரும். இடமிருந்து வலமாகப் படித்தால் பெயர் முன்னால் வந்து குழம்பும். ‘ஸ்’ ஒலிக்குரிய சிக்மா எழுத்து சில காசுகளில் பிறைபோல வளைந்திருக்கும். ஓரத்தில் தனியே பின்னிக் கிடக்கும் எழுத்துகள் அக்கசாலை அதிகாரிகளின் குறிகள், அவற்றைப் பெயரோடு சேர்க்கக் கூடாது.

பெயர் கூடுவது காலத்தைக் காட்டும். நான்காம் ஆண்டியோக்கஸின் அந்தியோக்கியா அக்கசாலைக் காசுகளில் முதலில் ‘அரசர் ஆண்டியோக்கஸின்’ மட்டும். கி.மு. 173 வாக்கில் ‘தெயூ எபிஃபானூஸ்’ சேர்கிறது. 168 வாக்கில் ‘நிக்கேஃபோரூ’ சேர்கிறது. வாசகத்தின் நீளத்தை வைத்தே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம்.

தாலமிகளிடம் இந்த வழி பலிக்காது. தலைமுறை தலைமுறையாக ‘தாலமி அரசரின்’ என்றே பொறித்தார்கள், முகமும் பெரும்பாலும் முதலாமவருடையதே. அங்கே ஆட்சியாண்டு எண்ணும் அக்கசாலை எழுத்தும்தான் துணை. எடையையும் பாருங்கள். ஏதென்ஸின் எடைமுறையான ஆட்டிக் அளவையில் நான்கு திராக்மா காசு சுமார் 17 கிராம், தாலமிகளுடையது சுமார் 14 கிராம். வாசகம் ஒன்று சொல்லி எடை வேறொன்று சொன்னால் அடையாளம் தவறு, அல்லது காசு போலி.

அரசிகளுக்கு என்ன பெயர்கள்?

பொதுப் பெயர் ‘பாசிலிஸ்ஸா’. இதை எப்போதும் ‘அரசரின் மனைவி’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. எகிப்தியப் பூசாரிகள் வெளியிட்ட கி.மு. 238இன் கனோப்பஸ் ஆணையில் வரும் குழந்தை பெரெனிகே பிறந்ததிலிருந்தே பாசிலிஸ்ஸா. மணமாகாமலே, சிறுமியாகவே இறந்தவள்.

செல்வாக்கில் முதலிடம் அர்சினோயி ஃபிலடெல்ஃபோஸுக்கு. தளபதி கல்லிக்கிராத்தேஸ் செஃபிரியோன் முனையில் அவருக்கு அஃப்ரோடைட்டியாகக் கோயில் கட்டினார், கடற்பயணிகள் அங்கே வேண்டிக்கொண்டார்கள். கி.மு. 263இல் திராட்சைத் தோட்டங்களின் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கான ‘அப்போமொய்ரா’ வரியின் வருவாய் அவர் வழிபாட்டுக்குத் திருப்பப்பட்டது. ‘அர்சினோயி ஃபிலடெல்ஃபோஸின்’ என்று மட்டும் பொறித்த சிறு கற்பலகைகள் எகிப்திலும் சைப்ரஸிலும் நிறையக் கிடைக்கின்றன. அவை வீட்டுப் பலிபீடங்களுக்கு உரியவை. கல்லறைக் கல் என்று தவறாக எண்ணிவிட வேண்டாம்.

பாப்பிரஸ் ஆவணத்தில் பாதிப் பக்கம் பட்டப்பெயராகவே இருக்கிறதே, அதனால் என்ன பயன்?

தேதி கிடைக்கும். அலெக்ஸாந்திரியாவில் அலெக்ஸாந்தரின் பூசாரி பெயரால் ஆண்டைக் குறித்தார்கள். ஒவ்வொரு அரச இணையும் தெய்வமானதும் அவர்கள் பெயர் அந்தப் பூசாரியின் பதவிப்பெயரில் ஏறும். கி.மு. 272/1இல் ‘உடன்பிறந்த தெய்வங்கள்’ (இரண்டாம் தாலமியும் அர்சினோயியும்), 243/2க்குள் ‘நன்மை செய்யும் தெய்வங்கள்’ (மூன்றாம் தாலமியும் அவர் அரசியும்). முதல் இணையான ‘காக்கும் தெய்வங்கள்’ (முதலாம் தாலமியும் அவர் அரசியும்) பட்டியலின் தலையில் நின்றாலும், அங்கே சேர்ந்தது நான்காம் தாலமி காலத்தில்தான். ஆகவே அவர்கள் பெயர் இல்லாத பட்டியல் அதற்கு முந்தியது. ஆவணத்தின் மேற்பகுதி கிழிந்து ஆண்டு போயிருந்தாலும், இப்படி இரண்டு எல்லைகளுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

கி.மு. 196இன் ரொசெட்டாக் கல்லில் இந்தப் பட்டியலை முழுதாகப் பார்க்கலாம். அதிலேயே ஐந்தாம் தாலமி எபிஃபானேஸ் யூக்காரிஸ்டோஸுக்கான ஏற்பாடுகளும் உள்ளன: கோயில்தோறும் பொன் மாடம், அதன்மேல் பத்துப் பொன் முடிகள், பூசாரிகளின் மோதிரத்திலும் ஆவணங்களிலும் புதுப் பெயர். விரும்பும் குடிமக்கள் வீட்டிலும் மாடம் வைத்துக்கொள்ளலாம்.

அரசரை உண்மையிலேயே கடவுள் என்று நம்பினார்களா?

இந்தக் கேள்விக்கு மனதைத் துழாவுவதைவிடப் பலிவாசகத்தைப் பார்ப்பது நல்லது. ‘அரசருக்கு’ப் பலி என்றிருக்கிறதா, ‘அரசருக்காக’ப் பலி என்றிருக்கிறதா? முதலாவதில் அரசரே பெறுபவர். இரண்டாவதில் தெய்வம் பெறுகிறது, நலம் அரசருக்கு. ஒரே ஊரில் இரண்டும் நடக்கும்.

கருத்து ஒன்றாக இருந்ததில்லை. டெமெட்ரியஸை வரவேற்ற ஏதென்ஸ் பாடல், மற்ற தெய்வங்கள் தொலைவில் இருக்கின்றன, அல்லது அவற்றுக்குக் காது இல்லை, உன்னையோ மரமாகவும் கல்லாகவும் இல்லாமல் நேரில் காண்கிறோம் என்றது. அவர் தந்தை ஆண்டிகோனஸை ஒரு கவிஞர் சூரியனின் மகன் என்று பாடியபோது, என் கழிகலம் சுமக்கும் வேலையாளுக்கு அப்படி எதுவும் தெரியாது என்று அரசர் மறுத்தார். எங்கள் பார்வையில், முந்தியது வேண்டுதல், பிந்தியது குணம். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

பாக்திரியாவிலிருந்து (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) இந்துகுஷ் மலையைத் தாண்டி வந்த கிரேக்க அரசர்கள் இருமொழிக் காசு அடித்தார்கள். ஒருபக்கம் கிரேக்கம், மறுபக்கம் பிராகிருதம், பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதும் கரோஷ்டி எழுத்தில். மெனாண்டரின் ‘பாசிலியோஸ் சோத்தேரோஸ் மெனாண்ட்ரூ’ மறுபக்கத்தில் ‘மகாராஜச த்ராதரச மெனம்த்ரச’. டிகாயோஸ் ‘த்ரமிக’ ஆனது, நிக்கேஃபோரோஸ் ‘ஜயதர’, அனிக்கேத்தோஸ் ‘அபடிஹத’. எபிஃபானேஸை ‘பிரச்சச்ச’ என்றார்கள், அதாவது பிரத்யட்சம். ‘கண்முன் தோன்றியவர்’ என்ற பொருளே சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளரே சொல்லிவிட்டார்.

பெயர் எதிர்த்திசையிலும் பயணித்தது. விதிசாவுக்கு அருகே பெஸ்நகரில் ஹெலியோதோரஸ் நிறுத்திய கருடத்தூண் இருக்கிறது. தட்சசீலத்திலிருந்து ஆண்டியால்கிடாஸ் அரசரின் தூதராக வந்த அவர், வாசுதேவரைத் தேவதேவர் என்று போற்றுகிறார். உள்ளூர் அரசர் பாகபத்ரரை ‘த்ராதார’ என்கிறார். சோத்தேரின் பிராகிருத வடிவம் இந்திய அரசருக்கு ஏறிவிட்டது.

குஷாணர் காலத்தில் பெயரே இல்லாமல் ‘அரசர்க்கரசர், பெரிய காப்பவர்’ என்று மட்டும் பொறித்த செப்புக்காசுகள் ஏராளம் புழங்கின. 1993இல் ஆப்கானிஸ்தானில் கிடைத்த ரபாதக் கல்வெட்டில் வீம தக்து என்ற பெயர் தெரிந்தபிறகு, அவை அவருடையவை என்ற கருத்து வலுத்தது.

ரோமர் வந்தபின் என்ன ஆயிற்று?

பழைய பெயர்கள் புது ஆட்களுக்கு ஏறின. கிரேக்க நகரங்களுக்கு விடுதலை அறிவித்த ரோமத் தளபதி ஃபிளமினினஸுக்குக் கல்கிஸ் நகரம் பூசாரி வைத்து ‘தித்தூஸ் சோத்தேர்’ என்று பாடியது. ‘அகுஸ்துஸ்’ கிரேக்கத்தில் ‘செபாஸ்தோஸ்’, வணக்கத்துக்குரியவர். ‘இம்பெராத்தோர்’ என்பது ‘ஔதோக்கிராத்தோர்’. ஹாட்ரியன் ஏதென்ஸின் ஜீயஸ் கோயிலைக் கட்டி முடித்து ‘ஒலிம்பியோஸ்’ ஆனார். ‘பாசிலியுஸ்’ பேச்சில் பேரரசரைக் குறித்தாலும், அதிகாரப் பட்டமாக அது நிலைத்தது கி.பி. 629இல் ஹெராக்ளியஸ் காலத்தில்.

கல்வெட்டில் பெயர் மட்டும் செதுக்கி அழிக்கப்பட்டிருந்தால், யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல வேளைகளில் முடியும். கொடுத்த பெயரைத் திரும்ப எடுப்பதும் தீர்மானத்தால்தான் நடந்தது. கி.மு. 200இல் ஐந்தாம் ஃபிலிப்போடு போர் மூண்டபோது, ஏதென்ஸ் அவரையும் அவர் முன்னோரையும் எல்லாக் கல்லிலிருந்தும் நீக்க ஆணையிட்டது. ஆண்டிகோனிஸ், டெமெட்ரியாஸ் குடிப்பிரிவுகளும் கலைந்தன. கி.பி. 67இல் கிரேக்கருக்கு விடுதலை தந்த நீரோவை ஜீயஸ் எலெயுதெரியோஸ் என்று போற்றிய அக்ரைஃபியா கல்லிலும், அவர் பெயர் பின்னால் செதுக்கி எடுக்கப்பட்டது.

முதலில் அழித்த இடத்தின் அளவை எழுத்துக் கணக்கில் எடுங்கள். எழுத்துகள் கட்டம்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் ‘ஸ்தோய்க்கெதோன்’ முறையாக இருந்தால், எத்தனை எழுத்து போயிற்று என்பது துல்லியமாகவே தெரியும். மற்ற முறைகளில் முன்பின் வரிகளின் சராசரியை எடுத்து ஒன்றிரண்டு கூடக்குறைய வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தப்பிய சொற்களைப் பாருங்கள். அழித்தவர்கள் பெயரில் குறியாக இருந்து, பக்கத்தில் இருந்த ‘அரசர்’, ‘காத்தவர்’, பூசாரிப் பதவி, குடிப்பிரிவு ஆகியவற்றை விட்டுவிடுவது உண்டு. பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்தால் உளியின் அடியில் பழைய கோடுகளின் நுனி தெரியும். சமநிலையாக எடுத்த ஒளிப்படத்தைவிட, ஈரத்தாளை அழுத்தி எடுக்கும் படியில் அந்த நுனிகள் தெளிவாக விழும். எழுத்து எண்ணிக்கையும், தப்பிய சிறப்புப்பெயரும், ஒரேயொரு எழுத்தின் நுனியும் ஒத்துப்போனால் பெயரை நிரப்பலாம். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் இடத்தைக் காலியாகவே விடுங்கள்.